பக்கவாதத்துக்குப் பிறகு நீச்சல் குளத்தில் இறங்கி நடப்பது: வீட்டாருக்கும் சேர்த்து ஒரு முழுமையான வழிகாட்டி

பக்கவாதம் வந்து வீடு திரும்பியவர் இருக்கும் வீட்டுக்குள் போனால் சுவரில் ஒரு தடம் தெரியும். கட்டிலில் ஆரம்பித்து பாத்ரூம் கதவு வரை, இடுப்புக்குச் சற்று மேலே, உள்ளங்கை பட்டுப் பட்டுக் கறுத்த ஒரு கோடு. மதுரைப் பக்கம் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி கொடுத்துவருகிறேன். அந்தத் தடம் இல்லாத வீட்டை நான் பார்த்தது குறைவு. கால் ஓரளவு வந்திருக்கும், தசையில் பலமும் இருக்கும், ஆனால் கை மட்டும் சுவரை விடாது. ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழுந்துவிடுவோமோ என்று நடப்பதைக் குறைக்கிறார். நடப்பது குறையக் குறைய இருக்கிற பலமும் போய்விடுகிறது.

தரையில் தடுமாறினால் யோசிக்க நேரமே கிடையாது. மார்பளவு தண்ணீரில் தடுமாறினால் உடல் மெதுவாகத்தான் சாயும். ஒரு காலை எடுத்து வைத்துச் சமாளிக்க அவகாசம் இருக்கும். தடுமாறி, தானே சமாளித்து நிற்கிற அந்த அனுபவம் கிடைத்தவர்களின் முகமே மாறிவிடும். குளத்துக்கு ஆட்களைக் கூட்டிப்போக நான் இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம் இதுதான்.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்து சில மாதங்கள் ஆகி, உடல்நிலை ஒரு நிலைக்கு வந்து, ஆள் பிடித்தோ கம்பு ஊன்றியோ பத்தடியாவது நடக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தலை தண்ணீருக்குள் போகவே போகாது.

தண்ணீருக்குள் உடம்புக்கு என்ன நடக்கிறது

இதைத் தெரிந்துகொண்டால் எந்த ஆழத்தில் நிற்க வேண்டும், எவ்வளவு வேகமாக நடக்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றால் உடல் எடையில் ஏறக்குறைய பாதிதான் காலில் இறங்கும். மார்பளவில் மூன்றில் ஒரு பங்கு, கழுத்தளவில் பத்தில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ளவர் மார்பளவில் நிற்கும்போது அவருடைய கால்கள் தாங்குவது சுமார் 20 கிலோ. தரையில் தொய்ந்து போகிற முழங்கால் இங்கே நிற்கிறது. அப்படியானால் கழுத்தளவுக்கே போய்விடலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். அந்த ஆழத்தில் பாதம் தரையில் பதியாது, உடம்பு தக்கை மாதிரி ஆடும். உணர்ச்சி குறைந்த பாதத்துக்குத் தரை அழுத்துவது தெரிய வேண்டும். தொப்புளுக்கு மேலே, அக்குளுக்குக் கீழே என்பதுதான் சரியான ஆழம்.

அடுத்தது எதிர்ப்பு. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் தண்ணீர் காட்டும் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஆகவே மெதுவாக நடந்தால் அது லேசான பயிற்சி, அதையே வேகமாக நடந்தால் கடுமையான பயிற்சி. எடைக்கல், ரப்பர் பட்டை எதுவும் தேவைப்படாது.

மூன்றாவது அழுத்தம். நான்கடி ஆழத்தில் தண்ணீர் பாதத்தைச் சுற்றி அழுத்துவது சுமார் 90 மில்லிமீட்டர் பாதரச அளவு. பாதித்த கால் சாயங்காலமானால் வீங்குகிறவர்கள் குளத்தில் இருந்து ஏறியதும் வீக்கம் வடிந்திருப்பதைக் கவனிப்பார்கள். இதே அழுத்தம் காலில் தேங்கிய ரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளுகிறது. கழுத்தளவு ஆழத்தில் சுமார் 700 மில்லிலிட்டர் கூடுதல் ரத்தம் மார்புக்குப் போய்ச் சேரும். நல்ல இதயத்துக்கு இது பெரிய விஷயமில்லை. பலவீனமான இதயத்துக்குப் பெரிய சுமை. இதய நோய் உள்ளவர்களை மருத்துவரைக் கேட்காமல் இறக்கவே கூடாது என்று சொல்வது இதனால்தான்.

யார் இறங்கக் கூடாது

பிபி கட்டுக்குள் வராதவர்கள், நெஞ்சுவலி அடிக்கடி வருகிறவர்கள், இதயம் பலவீனமாகிப் படுத்தால் மூச்சு வாங்குகிறவர்கள் இறங்க வேண்டாம். பக்கவாதத்துக்குப் பிறகு வலிப்பு வந்து, அது இன்னும் மாத்திரைக்கு அடங்காதவர்களுக்கும் கூடாது. படுக்கைப்புண், ஆறாத சர்க்கரைப் புண், காலில் ரத்தக்கட்டி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மலம் கட்டுப்படாத நிலை இருந்தால் அவை சரியாகும் வரை குளம் இல்லை. தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தாது.

பலரும் கேட்க மறக்கிற ஒன்று உண்டு. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறதா? விழுங்குவதில் சிக்கல் உள்ளவர் ஒரு வாய் குளத்துத் தண்ணீரை விழுங்கிவிட்டால் அது நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். வீட்டில் அடிக்கடி புரையேறுகிறவர் என்றால் அதை முதலில் சரிபார்த்துவிட்டு வாருங்கள்.

உங்களைப் பார்க்கிற மருத்துவரிடம் "தண்ணீரில் உடற்பயிற்சி செய்யலாமா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "மார்பளவு தண்ணீரில் அரை மணி நேரம், வாரம் மூன்று நாள் நடக்கப்போகிறார், இவருடைய இதயமும் பிபியும் தாங்குமா" என்று கேளுங்கள். கேள்வி தெளிவாக இருந்தால் பதிலும் தெளிவாக வரும். கையெழுத்தோடு ஒரு சீட்டு வாங்கி வைத்துக்கொண்டால் குளத்தில் அனுமதி கேட்கும்போதும் உதவும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதில் இருந்து பிசியோதெரபிஸ்டுகள் வீட்டுக்கே வருகிறார்கள். உங்கள் வீட்டுக்கு வருகிறவரிடமும் சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் ஒரு பிசியோ கூடவே இறங்குவது எல்லாவற்றையும்விட நல்லது.

குளத்தைத் தேர்ந்தெடுப்பது

பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது. ஆகவே நோயாளியைக் கூட்டிப்போவதற்கு முன் நீங்கள் மட்டும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் இறங்கும் வழி. நம் ஊரில் பெரும்பாலான குளங்களில் சுவரை ஒட்டிச் செங்குத்தாக ஒரு ஸ்டீல் ஏணி மட்டும் இருக்கும். ஒரு கை, ஒரு கால் பலமில்லாதவருக்கு அந்த ஏணி ஆகாது. எப்படியாவது இறக்கிவிடலாம், ஆனால் ஏற்ற முடியாது. அகலமான படிகளும் பக்கத்தில் கைப்பிடிக் கம்பியும் உள்ள குளமே வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகள், ஹோட்டல்களில் உள்ள சிறிய குளங்களில் இப்படிப் படிகள் இருப்பதுண்டு.

கம்பி இருந்தால் மட்டும் போதாது, எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதை நான் அனுபவப்பட்டுத்தான் கற்றேன். வலது பக்கம் பாதித்த ஒருவரைக் கூட்டிப்போனேன். இறங்கும்போது கம்பி அவருடைய நல்ல இடது கைக்கு வாகாக இருந்தது, சுலபமாக இறங்கிவிட்டார். பயிற்சி முடிந்து ஏறத் திரும்பினால் அதே கம்பி வலது பக்கம் வந்து நிற்கிறது. பிடிக்க முடியாத கைப் பக்கம்! அன்று அவரை மேலே கொண்டுவர மூன்று பேர் தேவைப்பட்டார்கள். அவருக்கு ஏற்பட்ட கூச்சத்தை இப்போது நினைத்தாலும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இரண்டு பக்கமும் கம்பி இருந்தால் பிரச்சினையே இல்லை. ஒரு பக்கம்தான் என்றால், குளத்துக்குள் நின்று மேலே பார்க்கும்போது கம்பி நல்ல கைப் பக்கம் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் இறங்கும்போது முதுகைக் குளத்துக்குக் காட்டி, பின்பக்கமாக இறங்க வேண்டும். இரண்டு வேளையும் கம்பி நல்ல கையிலேயே இருக்கும்.

ஆழத்தைக் குளத்துக்காரர் வாயால் சொல்வதை நம்பாதீர்கள். ஒரு கம்பை விட்டு அளந்து பாருங்கள். ஐந்தரை அடி உயரக்காரருக்கு மூன்றரையில் இருந்து நான்கடி ஆழம் சரியாக இருக்கும். தரை எங்கே சரியத் தொடங்குகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கண் பார்வை மறைந்தவர்களுக்கும், பாதித்த பக்கத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறவர்களுக்கும் அந்தச் சரிவு தெரியாது.

தண்ணீரின் சூடு. பக்கவாதம் வந்தவருக்கு ஏற்றது 33, 34 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பு. அந்தச் சூட்டில் விறைத்த தசை இளகும். நம் பொதுக் குளங்களில் சூடாக்கும் வசதி கிடையாது. சித்திரை, வைகாசியில் வெயில் பட்ட தண்ணீர் இதமாக இருக்கும். மார்கழிக் காலையில் இறக்கினால் கை முட்டி மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும், கால் குச்சி மாதிரி விறைக்கும். 28 டிகிரிக்கு மேல் இருந்தால், நின்றுகொண்டே இருக்காமல் நடந்துகொண்டே இருந்தால், சமாளிக்கலாம். அதற்குக் கீழே போனால் அந்த நாளை விட்டுவிடுங்கள். 36-க்கு மேல் சூடான தண்ணீரும் ஆகாது, பிபி சட்டென்று இறங்கிவிடும்.

குளத்தின் அடியில் ஒரு காசு கிடந்தால் மேலே இருந்து தெரிய வேண்டும். தெரியாத அளவுக்குக் கலங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள். உடை மாற்றும் இடத்தில் இருந்து குளம் வரை நடந்து பார்த்து, ஈரத்தில் வழுக்குகிறதா என்று பாருங்கள். பக்கவாதக்காரர்கள் குளத்துக்குள் விழுவதைவிட அந்த வழவழப்பான டைல்ஸில் விழுவதுதான் அதிகம்.

கிணறு, ஆற்றுப் படித்துறை, கம்மாய் இவற்றைப் பற்றிக் கேட்கிறார்கள். சின்ன வயதில் குதித்து விளையாடிய இடம் என்பதால் ஆசை இருக்கும், புரிகிறது. ஆனால் பாசி பிடித்த படியும், தெரியாத ஆழமும், ஓடுகிற தண்ணீரும் ஒரு கால் பலமில்லாதவருக்கு ஒத்துவராது. பம்புசெட் தொட்டியும் அப்படித்தான், ஏறி இறங்க வழி இல்லை. குளம் கிடைக்காவிட்டால் தரையில் செய்யும் பயிற்சியை விடாமல் செய்யுங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

நேரம் வார நாட்களில் காலை 9 மணி வாக்கில் நல்லது. பிள்ளைகளின் கோச்சிங் முடிந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. பெண்களுக்குத் தனி நேரம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை பெண்கள் வராமல் போவதற்கு உடையும் கூச்சமும்தான் பெரிய காரணம், நோய் இல்லை.

துணையும் உடையும்

குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தண்ணீருக்குள், ஒருவர் கரையில். உள்ளே இறங்குகிறவருக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். உயிர்காப்பாளரிடம் "இவருக்கு இந்தப் பக்கம் வராது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பேச்சு வராதவர் என்றால் வீட்டிலேயே சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கையால் தண்ணீரை இரண்டு தட்டு தட்டினால் "நிறுத்து" என்று பொருள், அவ்வளவு போதும்.

உடை நைலான் அல்லது லைக்ரா. பருத்தி நைட்டி, வேட்டி, துண்டு எல்லாம் ஊறிக் கனத்துக் காலைச் சுற்றும். இடுப்பில் எலாஸ்டிக் வைத்த டிரவுசர், பெண்களுக்கு முழுக்கை நீச்சல் சட்டையும் லெகின்ஸும் கடையில் கிடைக்கின்றன. போடும்போது பாதித்த கையையும் காலையும் முதலில் நுழையுங்கள், கழற்றும்போது கடைசியாக எடுங்கள். காலில் ரப்பர் அடி வைத்த தண்ணீர்ச் செருப்பு கட்டாயம். உணர்ச்சி இல்லாத பாதம் சிமெண்டில் உராய்ந்து தோல் உரிந்தாலும் அவருக்குத் தெரியாது. பாதம் உள்பக்கம் திரும்புகிறவர்கள் தரையில் போடுகிற பிளாஸ்டிக் பட்டையைக் குளத்தில் போட முடியாது, அதற்குப் பதில் நியோபிரின் கணுக்கால் உறை போட்டுக்கொள்ளலாம்.

கிளம்பும் முன்

பிபி பாருங்கள். மேல் அளவு 160-ஐயோ கீழ் அளவு 100-ஐயோ தாண்டினால் நான் அன்று இறக்குவதில்லை. சர்க்கரை உள்ளவர்கள் அதையும் பார்த்து, கரையில் குளுக்கோஸ் பாக்கெட் வைத்திருக்க வேண்டும். இரண்டு இட்லி மாதிரி லேசாகச் சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கட்டும். காலை மாத்திரையை விடக்கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு இறங்குங்கள். தண்ணீரில் நின்றால் சிறுநீர் கூடுதலாகச் சுரக்கும், பாதியில் ஏறி ஓட முடியாது. அப்புறம் பாதத்தையும் விரல் இடுக்குகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதல் நாளுக்கு முன் வீட்டில் ஒரு அளவு எடுத்து வையுங்கள். நாற்காலியில் உட்கார வைத்து, மூன்று மீட்டர் தூரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். எழுந்து, கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை வினாடி ஆகிறது? போனில் பார்த்து நோட்டில் தேதியோடு எழுதுங்கள். எட்டு வாரம் கழித்து இந்த எண்தான் பேசும்.

இறங்குவது

துணைக்கு வருகிறவர் முதலில் தண்ணீருக்குள் இறங்கி, படியில் பாதித்த பக்கமாக நிற்க வேண்டும். இறங்கும்போது பாதித்த கால் முதலில், நல்ல கால் பின்னால். ஏறும்போது நல்ல கால் முதலில். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலும் சேர்ந்த பிறகே அடுத்த படி. பிடிக்க வேண்டிய இடம் இடுப்பு. பாதித்த கையைப் பிடித்து இழுக்கவோ அக்குளில் கை கொடுத்துத் தூக்கவோ கூடாது. அந்தத் தோள்மூட்டு ஏற்கெனவே தளர்ந்து தொங்கிக்கொண்டிருக்கும், ஒரு இழுப்பில் மாதக்கணக்கான வலி வந்துவிடும்.

கடைசிப் படியில் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். தண்ணீர் நெஞ்சை அழுத்துவதால் முதலில் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். வாயைக் குவித்து ஊதி, மெதுவாக மூச்சு விடச் சொல்லுங்கள். அந்த மிரட்சி தணிந்த பிறகே நடை.

முதல் இரண்டு வாரம்

ஒரு நாளைக்கு 15 முதல் 20 நிமிடம். வாரத்துக்கு மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு.

முதல் வேலை, கால் வழுக்கினால் எழுந்து நிற்பது. இது வராமல் வேறு எதையும் தொடங்காதீர்கள். துணைவர் பின்னால் நின்று இடுப்பைத் தாங்கிக்கொள்ள, அவர் மெல்ல மல்லாந்து சாயட்டும். உடல் பாதித்த பக்கமாக உருளப் பார்க்கும், அதைத் தடுத்துப் பிடியுங்கள். பிறகு "எழுந்திருங்க" என்றதும் மூன்று காரியம்: தாடையை நெஞ்சை நோக்கிக் குனிவது, முழங்காலை வயிற்றுப் பக்கம் மடக்குவது, நல்ல கையை முன்னால் நீட்டுவது. உடம்பு தானாக நிமிரும், பாதம் தரையைத் தொடும். பத்து முறை செய்தால் பழகிவிடும். லண்டனில் ஹாலிவிக் பள்ளியில் ஜேம்ஸ் மெக்மில்லன் என்பவர் 1949-ல் உடல் ஊனமுற்ற பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். உலகமெங்கும் பிசியோக்கள் இன்றும் பின்பற்றுகிற ஹாலிவிக் முறை அதில் இருந்து வளர்ந்ததுதான். தண்ணீரில் உடம்பு புரளும்போது அதை அடக்கி மறுபடி நிலைக்கு வருவது அதில் அடிப்படைப் பாடம்.

அடுத்து, சுவர்க் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் நடப்பது. பத்து எட்டு இந்தப் பக்கம், பத்து எட்டு அந்தப் பக்கம். பிறகு கம்பியைப் பிடித்து நின்றபடி எடையை ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாற்றுவது. பக்கவாதம் வந்தவர்கள் நல்ல காலிலேயே முழு எடையையும் போட்டு நிற்பார்கள். பாதித்த காலில் எடை போட்டு ஐந்து எண்ணும் வரை நிற்க வைப்பதுதான் இந்த இரண்டு வாரத்தின் முக்கியமான வேலை.

நான் கூட்டிப்போன ஒரு ஓய்வுபெற்ற பஸ் டிரைவரைப் பற்றிச் சொல்கிறேன். இடது பக்கம் இழுத்துக்கொண்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. முதல் நாள் கம்பியைப் பிடித்த பிடியில் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. "ஐயா, விரலை மட்டும் கொஞ்சம் தளர்த்துங்க" என்றேன். "தம்பி, நீ சொல்றது காதுல விழுது, கை கேக்க மாட்டேங்குது" என்றார். அவசரப்படுத்தவில்லை. நான்காவது நாள் சுண்டுவிரல் விட்டது, அப்புறம் மோதிர விரல். ஆறாவது நாள் ஒரே விரலால் கம்பியைத் தொட்டுக்கொண்டு நின்றார். அந்த விரலும் எப்போது விலகியது என்று அவருக்கே தெரியவில்லை. கரையில் துண்டோடு உட்கார்ந்திருந்த அவருடைய மனைவிதான் பார்த்துவிட்டு, "இவுக கைய விட்டுட்டாக!" என்று கத்தினார். அவர் திடுக்கிட்டுச் சாய்ந்தார், ஒரு எட்டு வைத்தார், நின்றுகொண்டார்.

மூன்றில் இருந்து ஐந்தாம் வாரம்

இப்போது சுவரை விட்டு நடுவுக்கு வரலாம். நேரம் 25, 30 நிமிடம். மிதவைப் பலகையையோ நீளமான மிதவைக் குழலையோ முன்னால் பிடித்துக்கொண்டு நடப்பது தொடக்கத்துக்கு நல்லது.

முன்னோக்கி, பின்னோக்கி, பக்கவாட்டில் என மூன்று நடையும் வேண்டும். முன்னோக்கி நடக்கும்போது பாதித்த காலை அரிவாள் சுற்றுவது மாதிரி வெளிப்பக்கமாக வீசாமல், முழங்காலை மடக்கி நேராக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தரையில் முழங்காலை மடக்க வராதவர்களுக்கும் தண்ணீர் காலைத் தூக்கிக் கொடுப்பதால் இங்கே வரும். குதிகால் முதலில் பதியட்டும். பின்னோக்கி நடப்பது சிரமம், ஆனால் தொடையின் பின்தசைக்கும் பிட்டத்துக்கும் அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

நடைக்கு நடுவே சுவரைப் பிடித்துச் சில: முழங்காலைப் பாதி மடக்கி நிமிர்வது, குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்பது, காலைப் பக்கவாட்டில் விரிப்பது. ஒவ்வொன்றும் எட்டு முதல் பத்து முறை.

எவ்வளவு கடுமையாகச் செய்யலாம்? நாடித்துடிப்பை நம்பாதீர்கள். தண்ணீரில் அது இயல்பாகவே குறைவாகக் காட்டும். பிபிக்கு அட்டெனலால், மெட்டோபுரோலால் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அவ்வளவாக ஏறாது. பேச்சை வைத்துப் பாருங்கள். மூச்சு வாங்க வேண்டும், ஆனால் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். ஒவ்வொரு சொல்லாக விட்டு விட்டுப் பேசினால் வேகத்தைக் குறையுங்கள்.

ஆறில் இருந்து எட்டாம் வாரம்

ஒரு நிமிடம் வேகமாக, ஒரு நிமிடம் நிதானமாக. இப்படி ஐந்து சுற்றில் ஆரம்பித்துப் பத்து வரை போகலாம். துவக்கமும் முடிவும் ஐந்து ஐந்து நிமிடம் மெதுவான நடை.

அடுத்தது அலை. அவர் கைப்பிடி இல்லாமல் நிற்க, துணைவர் அவரைச் சுற்றி வேகமாக நடந்து தண்ணீரைக் கலக்க வேண்டும். சுழல் அவரைத் தள்ளும், அவர் தள்ளாடாமல் நிற்க வேண்டும். பஸ் ஸ்டாண்ட் கூட்டத்தில் தோளில் யாராவது இடித்தால் விழாமல் நிற்பதற்கு இதுதான் ஒத்திகை.

நடந்துகொண்டே மனசுக்கும் ஒரு வேலை கொடுங்கள். வீட்டில் நன்றாக நடக்கிறவர் ரோட்டில் யாராவது கூப்பிட்டதும் தடுமாறுவார், கவனம் இரண்டாகப் பிரிவதால். டிரைவர் ஐயாவை மதுரையில் இருந்து திண்டுக்கல் வரை ஸ்டாப்பிங் சொல்லிக்கொண்டே நடக்கச் சொன்னேன். பரவை, சமயநல்லூர், வாடிப்பட்டி என்று வந்து, கொடை ரோட்டில் பேச்சு நின்றது, காலும் நின்றது. அடுத்த வாரம் சின்னாளபட்டியும் தாண்டித் திண்டுக்கல் போய்ச் சேர்ந்தார். சமையல் தெரிந்தவர் என்றால் சாம்பாருக்கு என்னென்ன போட வேண்டும் என்று வரிசையாகச் சொல்லட்டும். 100-ல் இருந்து மூன்று மூன்றாகக் கழிக்கச் சொல்லிக் கடுப்பேற்ற வேண்டாம்.

பாதித்த கைக்கு

தோள் தண்ணீருக்குள் இருக்கும்படி முழங்காலைச் சற்று மடக்கி நில்லுங்கள். நல்ல கையால் பாதித்த மணிக்கட்டைப் பிடித்து, தண்ணீர் மட்டத்திலேயே இடமும் வலமுமாக மெதுவாக அளையுங்கள். கை கொஞ்சம் வருகிறவர்கள் உள்ளங்கையால் தண்ணீரை முன்னால் தள்ளலாம். கையைத் தலைக்கு மேல் தூக்க வைக்காதீர்கள். விரல்களின் நுணுக்க வேலைக்குத் தண்ணீர் அதிகம் உதவாது. சட்டைப் பொத்தான் போடுவதை மேஜை முன் உட்கார்ந்துதான் பழக வேண்டும்.

ஏறுவதும் அதற்குப் பிறகும்

களைப்பு முழுவதும் வருவதற்கு முன் ஏறிவிடுங்கள். தண்ணீர் தாங்கியிருந்த எடை ஒவ்வொரு படிக்கும் திரும்ப வந்து ஏறும். கடைசிப் படியில் கால் அரிசி மூட்டை மாதிரி கனக்கும். அழுத்தம் விலகுவதால் பிபியும் இறங்கும். ஆகவே இடுப்பளவுப் படியில் இரண்டு நிமிடம் நின்று, பிறகு மெதுவாக ஏறி, படிக்குப் பக்கத்திலேயே தயாராக வைத்த நாற்காலியில் உட்கார வையுங்கள். கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலியாக இருக்கட்டும், கால்களின் அடியில் ஒரு ரப்பர் மேட் போடுங்கள். தலைசுற்றல் இல்லை என்று உறுதியான பிறகே டைல்ஸில் நடை. உடம்பைத் துவட்டி, இரண்டு டம்ளர் தண்ணீரோ மோரோ கொடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எங்காவது கன்றியிருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீரிலோ கரையிலோ முகம் ஒரு பக்கம் கோணினால், பேச்சு குழறினால், கை திடீரென்று தொய்ந்தால், இதுவரை வராத கடும் தலைவலி வந்தால் உடனே 108. மணியைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். நெஞ்சுவலிக்கும் இதே அவசரம்தான்.

தரைக்குக் கொண்டுவருவது

குளத்தில் வந்த நடை தானாகத் தரைக்கு வந்துவிடாது. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு, அன்று குளத்தில் எதைச் செய்தாரோ அதையே பத்து நிமிடம் தரையில் செய்ய வேண்டும். முழங்காலை மடக்கி எடுத்து வைத்தாரா, அதே மாதிரி ஹாலில் பத்து எட்டு. பாதித்த காலில் எடை போட்டாரா, சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு அதே. குளம் இல்லாத நாளில் வழக்கமான பயிற்சி.

எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம் என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். கனடாவில் நடந்து 2004-ல் வெளியான ஒரு ஆய்வில், பக்கவாதம் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன 12 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். தண்ணீர்க் குழு மார்பளவு தண்ணீரில் வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம் வீதம் எட்டு வாரம் பயிற்சி செய்தது. அவர்களுடைய உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் ஏறக்குறைய 22 சதவீதம் உயர்ந்தது. நடை வேகமும் பாதித்த காலின் பலமும் கூடின. ஆனால் அது மிகச் சிறிய ஆய்வு. 2011-ல் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வுக்குக் கிடைத்தது நான்கு ஆய்வுகள், 94 பேர் மட்டுமே. உறுதியாகச் சொல்ல இது போதாது என்றுதான் அது எழுதியது. ஆகவே யாராவது "தண்ணீர் சிகிச்சையில் முழுசாகக் குணமாக்குகிறோம்" என்று பெரிய தொகை கேட்டால் கொடுக்காதீர்கள். மாத்திரை, தரைப் பயிற்சி, இவற்றோடு சேர்த்துச் செய்ய வேண்டியது இது.

எட்டாம் வாரம் முடிந்ததும் அதே நாற்காலி, அதே சாக்பீஸ் கோடு, அதே நேரத்தில் மறுபடி அளந்து நோட்டில் எழுதுங்கள். வினாடி குறைந்திருந்தால் வாரத்துக்கு இரண்டு நாளாகத் தொடரலாம். குறையவில்லை என்றால் நோட்டோடு பிசியோவிடம் போங்கள், பயிற்சியை மாற்ற வேண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் போக முடியாத வாரங்கள் வரும். அப்போது ஹாலில் நடக்கட்டும், சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளி.